வேதிப்பிணைப்பு பாடத்துக்குள் நுழையுமுன்: ஒருமுறை தோற்றவன் தரும் வழிகாட்டி

“நீர் கொதிக்கும்போது எது உடைகிறது?” பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உள்ள சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பங்குபோட்டு அணுக்கள் சேர்ந்திருப்பது) உடைந்து இரண்டும் தனித்தனி வாயுவாகின்றன என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன். விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: “அப்படியென்றால் காபிக்கு வெந்நீர் வைக்கும்போதெல்லாம் உங்கள் வீட்டு அடுப்பங்கரை வெடிக்க வேண்டாமா?”

அந்தத் தேர்வில் 70-க்கு 11. அதற்குப் பிறகு முதல் திருப்புதல் தேர்வுக்குள் இந்த ஒரு பாடத்தை நானே உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். இப்போது பி.எஸ்சி. படித்துக்கொண்டே தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறேன். வருகிற ஒவ்வொருவரும் நான் விழுந்த அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். ஆகவே இது. தினம் ஒன்றரை மணி நேரம், மொத்தம் இரண்டு வாரம். அதற்குக் குறைவாக முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

முதலில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம். பதினொன்று படிப்பவருக்கு அது எதற்கு என்று நினைக்காதீர்கள். அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும் அதில் நிதானமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் அது தெரியும் என்று எண்ணிக்கொண்டு மேலே ஓடிவிடும்.

அடுத்து பதினொன்றாம் வகுப்பு வேதியியல், இரண்டு தொகுதிகளும். பலர் ஏமாறுவது இங்கேதான். நான் படித்த பதிப்பில் வேதிப்பிணைப்புகள் இரண்டாம் தொகுதியில் பத்தாவது பாடம். ஹைட்ரஜன் பிணைப்பு அங்கே இல்லை. முதல் தொகுதியில் நான்காவது பாடமான ‘ஹைட்ரஜ’னுக்குள் இருக்கிறது. இரண்டாம் தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதைத் தேடியவன் நான். என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் எல்லாம் ஒரே பாடத்தில் இருக்கிறது.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் இணையத்தில் இலவச பி.டி.எஃப். ஆகவே கிடைக்கின்றன. முழுப் புத்தகத்தையும் அச்செடுக்காதீர்கள். வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்தேன். பக்கம் இரண்டு ரூபாய் வீதம் 140 ரூபாய் ஆனது. கோடு போட்ட நோட்டு ஒன்று 60, பலூன் பாக்கெட் 30, சொட்டு விடும் பில்லர் 15. ஆக, 250 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. இதற்கு முன்னால் ஒரு இணைய வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டினேன். அதில் பாடம் நடத்தியவர் குறுக்குவழிகளைப் பாட்டாகப் பாடினார். பாட்டு இன்னும் நினைவிருக்கிறது; எதற்கான பாட்டு என்பதுதான் மறந்துவிட்டது.

2. இரண்டு பத்தி நோட்டு (முதல் இரண்டு நாள்)

பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு மேலே ஆங்கில வழிக்குப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். தமிழ் வழியிலேயே தொடர்பவர்களுக்கும் பயன்படும், ஏனென்றால் நீட் வினாத்தாள் தமிழில் கிடைத்தாலும், மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே செல்லும். நோட்டில் நடுவே ஒரு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் சகப்பிணைப்பு, வலப்பக்கம் கோவேலன்ட். ஈதல் சகப்பிணைப்புக்கு எதிரே கோஆர்டினேட். இனக்கலப்புக்கு எதிரே ஹைப்ரிடைசேஷன். முப்பது சொல்லுக்கு மேல் வராது.

எலக்ட்ரான் கவர்தன்மை, எலக்ட்ரான் நாட்டம் என்ற இரண்டையும் தனியே கட்டம் போட்டு எழுதுங்கள். கேட்க ஒன்றுபோல இருக்கும். முதலாவது, பிணைப்பில் இருக்கும் அணு பங்குபோட்ட எலக்ட்ரான்களைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பது. இரண்டாவது, தனியாக நிற்கும் அணு ஒரு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளியாகும் ஆற்றல். முதலாவதில் ஃபுளோரின் முதலிடம், இரண்டாவதில் குளோரின்.

பிறகு எட்டே எட்டு எண்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். எலக்ட்ரான் கவர்தன்மையை அளக்கும் பாலிங் அளவுகோலில் ஃபுளோரின் 4.0, ஆக்ஸிஜன் 3.5, நைட்ரஜன் 3.0, குளோரின் 3.0, கார்பன் 2.5, கந்தகம் 2.5, ஹைட்ரஜன் 2.1, சோடியம் 0.9. இந்தப் பாடத்தில் பாதிக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

3. ‘உள்ளேயா, இடையிலேயா?’ என்று கேட்டுப் பழகுங்கள் (மூன்றாம் நாள்)

நான் தோற்றதற்கு ஒரே காரணம் இதைக் கேட்காததுதான். ஒரு மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டி வைத்திருப்பது வேறு. ஒரு மூலக்கூறைப் பக்கத்து மூலக்கூறோடு ஒட்டி வைத்திருப்பது வேறு. நீர் கொதிக்கும்போது இரண்டாவதுதான் விடுபடுகிறது. ஆவியாக மேலே போவதும் நீர்தான்.

நம்பிக்கை வரவில்லையென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மோல் நீர் 18 கிராம், ஏறத்தாழ ஒரு பெரிய கரண்டி. 100 டிகிரியில் இதை ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் உள்ள ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்புகளை எல்லாம் உடைக்க வேண்டுமானால்? ஒரு மோல் பிணைப்புக்கு 463 கிலோஜூல். மூலக்கூறுக்கு இரண்டு பிணைப்பு. 926 கிலோஜூல் ஆகிறது, ஏறக்குறைய 23 மடங்கு. நம் கேஸ் அடுப்பு அந்த வேலையைச் செய்வதில்லை.

ஆனால் இந்தக் கேள்வியை எல்லாவற்றிடமும் கேட்க முடியாது. சமையல் உப்பில் மூலக்கூறு என்று ஒன்றே கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். “உப்பு மூலக்கூறு” என்று எழுதினாலே சில ஆசிரியர்கள் அரை மதிப்பெண் வெட்டுவார்கள். உலோகத்திலும் வைரத்திலும் மணலிலும் அப்படித்தான், கட்டி முழுவதும் ஒரே கட்டமைப்பு. ‘சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு உருகுநிலை குறைவு’ என்ற வரியை நெட்டுருப் போட்டவர்கள் மணலைக் கேட்டால் திணறுவதும் இதனால்தான். கடற்கரை மணலில் பெரும்பகுதியான சிலிக்கா முழுக்கச் சகப்பிணைப்பு; உருக 1,700 டிகிரி அளவுக்கு வேண்டும்.

4. அணுக்களைக் கட்டும் பிணைப்புகள் (நான்கு முதல் ஆறாம் நாள் வரை)

அயனிப் பிணைப்பில் எலக்ட்ரான் கைமாறுகிறது, சகப்பிணைப்பில் பங்கு போடப்படுகிறது, உலோகப் பிணைப்பில் எல்லா அணுக்களுக்கும் பொதுவாக உலவுகிறது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். நேரே பொறிகளுக்குப் போகிறேன்.

1.7 விதி. எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு என்று படித்திருப்பீர்கள். ஹைட்ரஜன் ஃபுளோரைடை எடுங்கள். 4.0-இல் 2.1 போனால் 1.9. விதிப்படி அயனிச் சேர்மம். உண்மையில் அது 19.5 டிகிரியில் கொதித்துவிடுகிற சகப்பிணைப்பு மூலக்கூறு, முனைவுத்தன்மை (ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் பக்கம் சாய்வது) அதிகம், அவ்வளவுதான். சோடியம் குளோரைடின் வேறுபாடு 2.1, அது 801 டிகிரியில்தான் உருகவே தொடங்கும். விதியை ஏறத்தாழ வழிகாட்டும் கைகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

அம்மோனியம் குளோரைடு. ஈயம் பூசுகிறவர்கள் பாத்திரத்தில் தேய்க்கும் நவச்சாரம். கேள்வி தயாரிப்பவர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம், ஏனென்றால் ஒரே பொருளில் மூன்று பிணைப்புகள் இருக்கின்றன. நைட்ரஜனுக்கும் மூன்று ஹைட்ரஜனுக்கும் இடையே சகப்பிணைப்பு. நான்காவது ஹைட்ரஜன் எலக்ட்ரான் இல்லாமல் வர, நைட்ரஜனே இரண்டு எலக்ட்ரானையும் கொடுப்பதால் ஈதல் சகப்பிணைப்பு. இப்படி உண்டான அம்மோனியம் அயனிக்கும் குளோரைடுக்கும் இடையே அயனிப் பிணைப்பு. உருவான பிறகு நான்கு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஒரே மாதிரிதான். ‘எது ஈதல் பிணைப்பு என்று பிரித்துக் காட்ட முடியுமா’ என்று கேட்டால் முடியாது என்று தைரியமாக எழுதலாம்.

லூயிஸ் அமைப்பு (எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) வரைய வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை முதலில் எண்ணி மூலையில் எழுதிவிட்டு வரையுங்கள். கார்பன் டைஆக்ஸைடுக்கு 4, 6, 6, ஆக 16. வரைந்து முடித்ததும் மறுபடி எண்ணினால் 16 வர வேண்டும். எதிர்மின் அயனி என்றால் கூட்ட வேண்டும், நேர்மின் அயனி என்றால் கழிக்க வேண்டும். பலர் மாற்றிச் செய்வார்கள். பத்து படம் வரைந்தால் கைக்கு வந்துவிடும்.

5. வடிவத்தைப் பலூனில் பாருங்கள் (ஏழு, எட்டாம் நாள்)

ஒரே அளவில் நான்கு பலூன் ஊதி வால்களைச் சேர்த்துக் கட்டுங்கள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தாமே நான்முகி வடிவத்துக்கு விலகி நிற்கும். ஒவ்வொரு பலூனும் நடு அணுவைச் சுற்றியுள்ள ஓர் எலக்ட்ரான் இரட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீத்தேனில் பிணைப்புக்கோணம் 109.5 டிகிரி. அம்மோனியாவில் ஒரு பலூன் பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டை. அது கொஞ்சம் கூடுதல் இடம் கேட்பதால் மற்றவை நெருங்கி 107 டிகிரி ஆகின்றன. நீரில் இரண்டு தனித்த இரட்டைகள், 104.5 டிகிரி. தனித்த இரட்டைக்கு வேறு நிறப் பலூன் வைத்தால் என் தங்கைக்குக்கூடப் புரிந்தது. அவள் ஆறாவது படிக்கிறாள்.

வடிவத்துக்குப் பெயர் சொல்லும்போது அணுக்களை மட்டும் பாருங்கள். நீர் நான்முகி அல்ல, வளைந்த வடிவம்.

அடுத்து வருவதைப் படிக்காமல் விட்டுவிடக் கூடாது. நீர் நேர்கோடாக இருந்திருந்தால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகி இருமுனைத் திருப்புத்திறன் (முனைவுத்தன்மையின் அளவு, அலகு டிபை) பூஜ்ஜியம் ஆகியிருக்கும், கார்பன் டைஆக்ஸைடில் ஆவதுபோல. வளைந்திருப்பதால்தான் 1.85 டிபை. அடுத்த படிக்கு இதுதான் அஸ்திவாரம்.

6. ஹைட்ரஜன் பிணைப்பு (ஒன்பது முதல் பன்னிரண்டாம் நாள் வரை)

பெயரே முதல் பொறி. நீர் மூலக்கூறை வரைந்து, ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவே உள்ள கோட்டில் அம்புக்குறி போட்டு ‘ஹைட்ரஜன் பிணைப்பு’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. அது சகப்பிணைப்பு. ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனிலிருந்து அடுத்த மூலக்கூறின் ஆக்ஸிஜனுக்குப் போகிறது. முன்னதைக் கோடாகவும் பின்னதைப் புள்ளிக்கோடாகவும் வரையுங்கள். இன்னொரு வகைப் பிழை, ஹைட்ரஜனிலிருந்து ஹைட்ரஜனுக்கே புள்ளிக்கோடு போடுவது. இரண்டும் நேர்மின் பக்கம், எப்படி ஒட்டும்?

இரண்டு நிபந்தனைகளையும் தனித்தனியே சரிபாருங்கள். கொடுக்கும் பக்கத்தில் நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஃபுளோரின் இவற்றில் ஒன்றோடு நேரடியாகப் பிணைந்த ஹைட்ரஜன். வாங்கும் பக்கத்தில் தனித்த எலக்ட்ரான் இரட்டை வைத்திருக்கும் அதே மூன்றில் ஒன்று. ‘நேரடியாக’ என்ற சொல்லில்தான் மதிப்பெண் போகிறது. டைமெத்தில் ஈதரில் ஆக்ஸிஜனும் இருக்கிறது, ஹைட்ரஜனும் இருக்கிறது. ஆனால் ஹைட்ரஜன்கள் எல்லாம் கார்பனில் ஒட்டியிருக்கின்றன. அதன் மூலக்கூறுகள் தமக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்காது. எத்தனாலில் உள்ள அணுக்களும் அதே இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன்தான். ஆனால் ஒரு ஹைட்ரஜன் ஆக்ஸிஜனில் ஒட்டியிருக்கிறது. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். ஈதர் மைனஸ் 25 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும். எடையில் வித்தியாசமே இல்லாதபோது நூறு டிகிரிக்கு மேல் இடைவெளி. ஆனாலும் ஈதரால் நீரிடமிருந்து வாங்க முடியும். தமக்குள் இல்லை, நீரோடு உண்டு. அசிட்டோனுக்கும் இதே கதை.

அப்படியானால் குளோரின்? எண்ணைப் பாருங்கள், நைட்ரஜனுக்கும் குளோரினுக்கும் ஒரே 3.0. ஆனால் குளோரின் பெரிய அணு. மின்சுமை பரந்துவிடுவதால் பக்கத்து ஹைட்ரஜனை இறுக்கமாக இழுக்க முடிவதில்லை. ஹைட்ரஜன் குளோரைடு மைனஸ் 85 டிகிரியில் கொதிக்கிறது, ஃபுளோரைடோ 19.5-இல். இந்தக் கேள்வியை என்னிடம் ஒரு மாணவி கேட்டபோதுதான் நானே முதன்முறையாக யோசித்தேன்.

ஆக்ஸிஜன் குடும்பத்தின் ஹைட்ரைடுகளை (ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மங்களை) அவற்றின் கொதிநிலையோடு வரிசையாக எழுதுங்கள். தெல்லூரியத்துக்கு மைனஸ் 2, செலீனியத்துக்கு மைனஸ் 41, கந்தகத்துக்கு மைனஸ் 60. மூலக்கூறு சிறுக்கச் சிறுக்க இறங்குகிறது. இந்தப் போக்கிலேயே போனால் நீர் மைனஸ் 60-க்கும் கீழே கொதித்து, பூமியில் ஒரு குளம்கூட இருக்காது. ஆனால் அது 100-க்குத் தாவுகிறது. ஒரு வரைபடத்தாளில் நான்கு புள்ளி வைத்துப் பாருங்கள், கடைசிப் புள்ளியின் இடம் மறக்காது.

அடுத்த பொறி கொஞ்சம் நுட்பமானது. ஃபுளோரின்தான் வலுவாக இழுக்கும், ஆகவே அதன் ஹைட்ரஜன் பிணைப்பு நீரினுடையதைவிட வலியது. பிறகேன் நீர் அதிக வெப்பநிலையில் கொதிக்கிறது? எண்ணிக்கை. நீர் மூலக்கூறுக்குக் கொடுக்க இரண்டு ஹைட்ரஜன், வாங்க இரண்டு தனித்த இரட்டை. நான்கு பக்கமும் கைகோக்கலாம். ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு வாங்க மூன்று இடம், கொடுக்க ஒரே ஹைட்ரஜன். கல்யாணப் பந்தியில் இலை நிறைய, பரிமாற ஆள் ஒருவர்தான் என்பதுபோல. சராசரியாக மூலக்கூறுக்கு இரண்டு தொடர்புகளுக்கு மேல் வராது. அம்மோனியாவில் நேர்மாறு, கொடுக்க மூன்று, வாங்க ஒன்று.

நீருக்கு நான்கு கை என்பதால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரை நான்முகியின் மூலைகளில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுகிறது. அடர்த்தி 0.917-ஆகக் குறைகிறது, கன அளவு சுமார் ஒன்பது சதவீதம் கூடுகிறது. ஃப்ரீசரில் கண்ணாடி பாட்டிலை விளிம்புவரை நிரப்பி வைத்து அம்மாவிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இந்த எண் மறக்காது.

கடைசியாக நைட்ரோபீனால். ஒரு கார்பன் வளையத்தில் ஹைட்ராக்ஸில், நைட்ரோ என்று இரண்டு தொகுதிகள். பாரா நிலையில் இரு தொகுதிகளும் எதிரெதிர் முனையில் இருப்பதால் பக்கத்து மூலக்கூறோடுதான் ஹைட்ரஜன் பிணைப்பு, உருகுநிலை 114 டிகிரி. ஆர்த்தோவில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் தனக்குள்ளேயே பிணைப்பை முடித்துக்கொள்கிறது, 45 டிகிரியில் உருகிவிடும், நீராவியோடு எளிதில் வெளியேறும். இங்கே ‘உள்ளேயா, இடையிலேயா’ என்ற நம் பழைய கேள்வி ஹைட்ரஜன் பிணைப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது.

வாண்டர் வால்ஸ் விசைகளை (மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள நலிந்த ஈர்ப்புகளை) இதன் பக்கத்திலேயே படித்துவிடுங்கள். ஹைட்ரஜன் பிணைப்பு பொதுவாக மோலுக்கு 10 முதல் 40 கிலோஜூல் என்றால் இவை அதிலும் நலிந்தவை. பூஜை அலமாரியில் திறந்து வைத்த கற்பூரம் கொளுத்தாமலே தேய்ந்து போவது இந்த நலிவால்தான்.

7. சமையலறையில் ஒரு மாலை (பதின்மூன்றாம் நாள்)

ஒரு ரூபாய் நாணயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசித் துடைத்துச் சமதளத்தில் வையுங்கள். பில்லரில் சொட்டுச் சொட்டாக நீர் விடுங்கள். நான் விட்டபோது 27 சொட்டு நின்றது. விளிம்பைத் தாண்டி நீர் குவிந்து, மேலே கண்ணாடிக் குமிழ்போல நடுங்கிக்கொண்டிருந்தது. 28-ஆவது சொட்டில் ஒரு பக்கமாகச் சரிந்தது. அதே நாணயத்தில் மருந்துக்கடை ஸ்பிரிட்டை விட்டேன், பதினான்கில் வழிந்துவிட்டது. ஸ்பிரிட்டின் சொட்டே சிறியது என்பதையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. நீர் மூலக்கூறுகள் நான்கு பக்கமும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து இழுத்துப் பிடிப்பதுதான் காரணம். ஸ்பிரிட்டை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று: பழைய கரண்டியில் மெழுகுத் துண்டு, இன்னொன்றில் தூள் உப்பு. சிறு தீயில் காட்டினால் மெழுகு நொடியில் உருகும், உப்பு அப்படியே இருக்கும். மெழுகில் விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள நலிந்த விசை, உப்பில் விடுபட வேண்டியது அயனிப் பிணைப்பு. கல் உப்பு வேண்டாம்; உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிப் பொரிந்து முகத்தில் தெறிக்கும். பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

8. தேர்வுக்கு முன்தினம்

புதிதாக ஒன்றும் படிக்காதீர்கள். இரண்டு பத்தி நோட்டு, எட்டு எண்கள், நைட்ரோபீனால் படம் இரண்டு, அவ்வளவு. ‘கரைகிறது’ என்று கேள்வி வந்தால் ஒரு நொடி நில்லுங்கள். சர்க்கரை நீரில் கரைவது ஹைட்ரஜன் பிணைப்பால். உப்பு கரைவது அயனிகளை நீரின் முனைகள் சூழ்ந்து இழுப்பதால். இரண்டுக்கும் ஒரே விடை எழுதிவிடுவார்கள். சகப்பிணைப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு, வாண்டர் வால்ஸ் என்று வலுவை வரிசைப்படுத்தச் சொன்னால் பக்கத்தில் ஒரு எண்ணாவது போடுங்கள். நீருக்குச் சகப்பிணைப்பு 463, ஹைட்ரஜன் பிணைப்பு சுமார் 20 கிலோஜூல் என்று போட்டாலே திருத்துபவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்துவிடும்.

முதல் திருப்புதல் தேர்வில் வெந்நீர்க் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நைட்ரோபீனால் வந்தது. படத்தில் புள்ளிக்கோடு போட்டேன், 70-க்கு 48.